யாரும் தூக்கக் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

காலைல குழாய்ல தண்ணி வரல. சாமி கும்பிடும்போது அதையும் சேர்த்துச் சொல்லி வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்துச்சு. ஆண்டவன் தெறந்து விட்டானா, பம்ப் ஆபரேட்டர் தெறந்து விட்டாரான்னு நான் ஆராய்ச்சி பண்றதில்ல. ரெண்டு பேருக்கும் நன்றி.

வீட்டுக்காரருக்கு பேப்பர் மில்லுல இருந்து ரிட்டையர்மென்ட் பரிசு வந்திருக்கு. காலம் பூரா ஃபிட்டரா மெஷினோட மல்லுக்கட்டினவருக்கு ஒரு கடிகாரம் குடுப்பாங்கன்னு பார்த்தா — ராட்டினம், தண்ணிச் சறுக்கு எல்லாம் வச்ச பெரிய பூங்கா, அதுக்குள்ளயே ஹோட்டல், ரெண்டு ராத்திரி, மூணு பேருக்கு. மூட்டுவலிக்காரருக்கு ராட்டினம்! மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்கிக் குடுத்த மாதிரி.

மூணாவது ஆளு என் நாத்தனார்தான், இவரோட தங்கச்சி. எங்க கூடத்தான் இருக்கா. பஸ் கண்டக்டரா இருந்தவ. ஓடுற பஸ்ல கம்பியப் புடிக்காம நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிப்பா. ஒரு நாள் பஸ் நின்னுட்டு இருக்கும்போது பின்னால லாரி வந்து இடிச்சுது. ஓடும்போது விழாதவ, நிக்கும்போது விழுந்துட்டா. இப்ப ரெண்டு காலும் வேலை செய்யாது, சக்கர நாற்காலிதான். கால்ல இருந்த பலமெல்லாம் வாய்க்கு ஏறிடுச்சு.

மார்ச் 4, புதன்

கண்டக்டர் வரமாட்டாளாம்.

காரணம் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு கல்யாணம். மண்டபம் மாடில. லிஃப்ட் ரிப்பேர். சொந்தக்காரனுங்க நாலு பேரு "இதெல்லாம் ஒரு விஷயமா அக்கா"ன்னு கேக்காம கொள்ளாம நாற்காலியோட தூக்கிட்டானுங்க. பாதிப் படில புடவை முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு. விழுந்துடுவோமோன்னு ரெண்டு கையாலயும் நாற்காலியப் புடிச்சிட்டு இருந்தா, புடவைய எப்படி இழுத்து விடுவா? மேல நின்னவங்க எல்லாம் பார்த்தாங்க. ஒருத்தன் "கனமாத்தான் இருக்காங்க"ன்னு சிரிச்சான். அன்னைல இருந்து ஆஸ்பத்திரிக்குப் போறதத் தவிர இவ வீட்டு கேட்டத் தாண்டல.

"நான் என்ன பீரோவா அண்ணி, நாலு பேரு புடிச்சு மாடிக்கு ஏத்த?"

சரி, விட்டுடலாம்னு நெனச்சேன். சாயங்காலம் அவளே பேச்ச எடுக்கறா. "அங்க தலைகீழாப் போற ரோலர் கோஸ்டர் இருக்காமே?"

"இருக்கும். உனக்கு எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேக்கற மூஞ்சியா அது? நடு வீட்டுல பஸ் ஓடிட்டு இருந்துச்சு அந்த மூஞ்சில.

அப்புறம் சொன்னா: "வர்றேன். ஆனா யாரும் என்னைத் தூக்கக் கூடாது. வாசல்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் என் வண்டில நானே போகணும். அங்க ஒரே ஒரு தடவ தூக்கினாலும் சரி, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக்கூட வரமாட்டேன். இந்தக் கட்டில்லயே கெடந்து போய்ச் சேருவேன்."

சொன்னாச் செய்வா. சில்லறை இல்லன்னு மந்திரியோட மச்சானையே நடு ரோட்டுல இறக்கி விட்டவ.

மார்ச் 6, வெள்ளி

ஹோட்டலுக்கு போன் போட்டேன். முதல்ல பாட்டு. அந்தப் பாட்டுல ஒரு மூட்டை வெங்காயம் உரிச்சிருக்கலாம். அப்புறம் ஒரு பொண்ணு, தேன்ல ஊறப்போட்ட குரல்.

"சக்கர நாற்காலி வசதியா ஆன்ட்டி? இருக்கே! நாற்காலி ஃப்ரீயாவே குடுப்போம்."

"நாற்காலி எங்ககிட்ட இருக்கும்மா. அது உள்ள போறதுக்கு ரூம் வேணும்."

"எல்லா ரூம்லயும் நாற்காலி இருக்கு ஆன்ட்டி. சோபாவும் இருக்கு."

ஆண்டவனே, எனக்குப் பொறுமைய குடு. இல்ல அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் மூளைய குடு. எது கைவசம் ஸ்டாக் இருக்கோ அது.

மார்ச் 9, திங்கள்

இன்னைக்கு மேனேஜரே பேசினாரு. "ரெண்டே ரெண்டு படிம்மா. எங்க பசங்க நாலு பேரு இருக்காங்க, பூ மாதிரி தூக்கிடுவாங்க."

"உங்கள யாராச்சும் டெய்லி கக்கூசுக்குப் பூ மாதிரி தூக்கிட்டுப் போனா உங்களுக்குச் சம்மதமா சார்?"

லைன் கட் ஆயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா, சிக்னல் போயிடுச்சாம். யாருக்கு?

பக்கத்துல இருந்த கண்டக்டர் நாற்காலியத் திருப்பிக்கிட்டு ஜன்னலப் பார்த்தா. அவ வாயடிச்சாக்கூட தாங்கிக்கலாம், இது தாங்கல. நேரா சாமி படத்து முன்னால போய் நின்னேன். எனக்கு மனசுக்குள்ள வேண்டிக்கத் தெரியாது, சத்தமாத்தான் வரும். "ஆண்டவனே, தூக்க வேண்டாத ஒரு ரூம் கெடைக்க வை. கெடைச்சா நானே அந்த ரோலர் கோஸ்டர்ல ஏறுறேன்."

மொட்டை மாடில துணி காயப்போடவே கண்ண மூடிட்டுப் போறவ நான். என்ன வேண்டுதல் இது? வாய் இருக்கே, வாய்.

ஜன்னல் பக்கம் இருந்து, "சாட்சி நான் இருக்கேன் அண்ணி."

மார்ச் 13, வெள்ளி

தேன்குரல் பொண்ணு படம் அனுப்பி இருக்கு. கட்டில் மேல துண்ட மடிச்சு அன்னப் பறவை செஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டு பறவையும் மூக்க ஒட்ட வச்சுக் கொஞ்சுது. குளிக்கற எடத்தக் காட்டும்மான்னு கேட்டா, இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி.

கண்டக்டர் பார்த்துட்டு, "இதுல எருமைய எறக்கலாம். எருமையே தாண்டி எறங்கணும்."

திரும்பப் போன் போட்டேன். இந்தத் தடவ கத்தல. அந்தக் கல்யாண மண்டபத்துக் கதையச் சொன்னேன், புடவை ஏறினது வரைக்கும். அப்புறம் தேன் எல்லாம் வடிஞ்சு போய் சாதாரணக் குரல்ல சொல்லுது: "ஆன்ட்டி, பின்கட்டுல கீழ ஒரு ரூம் இருக்கு. இதுக்குன்னே கட்டினது. சரிவுப் பாதை, பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பி எல்லாம் உண்டு. ஆனா யாரும் கேக்கறதில்லன்னு பழைய மெத்தை அடுக்கி வச்சிருக்கோம்."

கேட்டாத்தான மெத்தைய எடுப்பாங்க! மெத்தை இருக்கறதால இல்லன்னு சொல்லுவாங்க! நல்லா இருக்கு நியாயம்.

"எடுத்துடறேன் ஆன்ட்டி. உங்க நாற்காலி அகலம் மட்டும் அளந்து சொல்லுங்க."

மார்ச் 16, திங்கள்

இவர் டேப்ப எடுத்துட்டுப் போய் அளந்துட்டு வந்தாரு. சொன்னேன். "தாராளமாப் போகும் ஆன்ட்டி"ன்னுச்சு தேன்குரல். ஆண்டவன் கேட்டுட்டான்.

அப்ப நான் ஏறணுமா?

மார்ச் 26, வியாழன்

பெட்டி கட்டியாச்சு. இவரு பெட்டில ஸ்க்ரூ டிரைவர். உல்லாசப் பயணத்துக்கு எதுக்குன்னா, "பழக்கம்"ங்கறாரு. கண்டக்டர் கழுத்துல பழைய விசில மாட்டிக்கிட்டா. அதுவும் பழக்கமாம். நான் சாமி படத்த எடுத்து வச்சேன். அது பழக்கம் இல்ல, பாதுகாப்பு.

மார்ச் 27, வெள்ளி

எல்லாரும் தூங்கியாச்சு, இப்பத்தான் எழுதறேன்.

மத்தியானம் வந்து சேர்ந்தோம். சரிவுப் பாதைல கண்டக்டர் தானே தள்ளிக்கிட்டு ஏறினா. வாசல் தாண்டினா. ரூம் கதவு தாண்டினா. எனக்குக் கண்ணுல தண்ணி. பாத்ரூம் வாசல்ல — டக். நின்னுடுச்சு.

உள்ள கம்பி இருக்கு. உக்காந்து குளிக்கப் பலகை இருக்கு. எல்லாம் அம்சமா இருக்கு. உள்ள போற வழி மட்டும் ஒரு விரக்கடை பத்தல.

"தாராளமாப் போகும்னாங்களே?"ன்னு இவரப் பார்த்தேன். இவரு தலையச் சொறியறாரு. "நான் அளக்கும்போது தங்கச்சி தூங்கிட்டு இருந்தாளா... நாற்காலி சுவத்துல மடக்கி வச்சிருந்துச்சா..."

மடக்கின நாற்காலிய அளந்திருக்காரு! மடக்கின குடைய அளந்துட்டு விரிச்சபடியே பைக்குள்ள போயிடும்னு சொல்ற ஆளு இவருதான். இவர நம்பி ஒரு மில்லே ஓடியிருக்கு, பாருங்க.

மேனேஜர் ஓடி வந்தாரு. சிரிச்ச முகம். "கவலையே படாதீங்க. பசங்களக் கூப்புடறேன், ரெண்டு நிமிஷம்." வந்துட்டாங்க, நாலு பேரு. கையெல்லாம் மடிச்சு விட்டுக்கிட்டு. கல்யாண மண்டபம் அப்படியே எழுந்து இங்க வந்த மாதிரி இருந்துச்சு. கண்டக்டர் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஒருத்தன் நாற்காலில கைய வச்சான்.

விசில் அடிச்சா பாருங்க. நீளமா, ஒரே ஒரு விசில். அந்தப் பசங்க அப்படியே சிலை. பக்கத்து ரூம் கதவெல்லாம் தெறந்துச்சு.

"ஒரு விசில்னா நிறுத்துன்னு அர்த்தம்"னா. "அண்ணி, வீட்டுக்குப் போலாம்."

அவ்வளவுதான், இனிமே இவ எந்தக் கேட்டையும் தாண்டமாட்டா. ஆண்டவனே, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து இப்படிப் பண்ணலாமா நீ? கேட்டுட்டே அந்த வாசலப் பார்த்தேன். கதவு தெறந்து கெடக்கு. தெறந்தும் அடைச்சிட்டு நிக்குது, கூட்டமான பஸ்ல வாசப்படில நிக்கறவன் மாதிரி.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு பீரோ வந்தப்ப எப்படி உள்ள கொண்டு வந்தோம்? பீரோவையா செதுக்கினோம்?"

இவரு என்னைப் பார்த்தாரு. கதவப் பார்த்தாரு. ஸ்க்ரூ டிரைவர எடுத்தாரு.

மேனேஜர் பதறிட்டாரு. "சார், கதவக் கழட்டறதுன்னா மேலிடத்துல கேக்கணும்!"

"நான் கேட்டுட்டேன், மேல இருக்கறவன்கிட்ட"ன்னேன். "நீங்க அந்தப் பசங்கள வச்சுக் கதவப் புடிங்க. ஆளத் தூக்க வந்தாங்கல்ல, கதவத் தூக்கட்டும்."

தூக்கினாங்க. பூ மாதிரி.

கண்டக்டர் சக்கரத்தத் தள்ளினா. ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டு, போயிடுச்சு உள்ள. என் புடவை ஒண்ண எடுத்துத் திரை கட்டினேன். உள்ள இருந்து குரல்: "கடைசில என்னை பீரோவாவே ஆக்கிட்டீங்கல்ல!"

வீட்டுல நாந்தான் அவளக் குளிக்க வைக்கறது. இன்னைக்கு அவளே பலகைக்கு மாறி, அவளே தண்ணியத் தெறந்து, அவளே குளிச்சா. நான் துண்டோட திரைக்கு வெளிய நின்னேன். கூப்புடுவா, கூப்புடுவான்னு நின்னேன். கூப்புடல. கைய எங்க வச்சுக்கறதுன்னே தெரியல.

மார்ச் 28, சனி

வேண்டுதல் செல்லாதுன்னு வாதாடிப் பார்த்தேன். "நான் கேட்டது ரூமு. கதவோட சேர்த்துத்தான ரூமு? கதவு இல்லாத ரூமுக்கு முழு வேண்டுதல் எப்படி?"

"அப்ப கதவு இல்லாத வண்டில ஏறுங்க அண்ணி. கணக்கு சரியாப் போச்சு."

ரோலர் கோஸ்டர்ல கதவு இல்ல.

அங்க வேலை செய்யற பொண்ணு கண்டக்டர்கிட்ட கேட்டுச்சு, என்கிட்ட இல்ல, அவகிட்ட: "நீங்களா சீட்டுக்கு மாற முடியுமா?" கண்டக்டர் நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவுல பலகையப் போட்டு, கைய ஊன்றி, ஒரே நகர்வு. உக்காந்துட்டா. நான் பக்கத்துல. பெல்ட்டு, கம்பி, எல்லாம் போட்டாச்சு. இவரு கீழயே நின்னுட்டாரு, மூட்டுவலியாம். ரெண்டு விசில் அடிச்சா, போலாம்னு அர்த்தம். வண்டி கெளம்பிடுச்சு.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும், நான் கண்ணத் தெறக்கல. எனக்குத் தெரிஞ்ச எல்லாச் சாமி பேரும் சொன்னேன். தெரியாத ரெண்டு மூணும் சொல்லி இருப்பேன். நடுவுல ஒரு தடவ பார்த்தேன். ரெண்டு கையும் மேல. கம்பியப் புடிக்கல. சிரிக்கறா. அந்தச் சிரிப்ப லாரி இடிச்சதுக்கப்புறம் நான் பார்த்ததில்ல.

வண்டி நின்னுச்சு. எந்திரிச்சேன். எனக்குக் கால் இல்ல. நெசமா, இடுப்புக்குக் கீழ என்னுது எதுவும் இல்லாத மாதிரி, மடங்கி உக்காந்துட்டேன். ரெண்டு பசங்க ஓடி வந்து கைல ஒருத்தன், கால்ல ஒருத்தன், தூக்கிட்டானுங்க. புடவை ஏறுது. வரிசைல நின்ன அத்தனை பேரும் பார்க்கறாங்க. என் கை ரெண்டும் அவனுங்ககிட்ட.

ஒரு விசில்.

"எறக்கு! கேக்காம யாரும் தொடக் கூடாது!" அவ அதுக்குள்ள நாற்காலிக்கு மாறி வந்துட்டா. வந்து முதல் வேலையா என் புடவைய இழுத்து விட்டா, கணுக்கால் வரைக்கும். அப்புறம்தான், "அண்ணி, எப்படி வர்றீங்க?"ன்னு கேட்டா.

"கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்"னேன்.

"உக்காருங்க. வண்டி நிக்கும்."

பக்கத்துலயே வண்டிய நிறுத்திக்கிட்டா. சிரிக்கல. ரூமுக்கு வந்ததும் ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, அது வேற.

மார்ச் 29, ஞாயிறு

கெளம்பும்போது தேன்குரல் பொண்ணு வந்து பார்த்துச்சு. கதவ மாட்ட வேண்டாம், சறுக்கிக்கிட்டு மூடற மாதிரி கதவு வைக்கச் சொல்லி எழுதி இருக்காம். மெத்தைய வேற எடத்துல போட்டாச்சாம். நல்லா இருடி தாயி. அன்னப் பறவைத் துண்டு ஒண்ணு பெட்டிக்குள்ள வந்துடுச்சு, எப்படின்னு தெரியல. ஆண்டவனும் ஒண்ணும் கேக்கல.

ஏப்ரல் 5, ஞாயிறு

வீட்டு பாத்ரூம் கதவையும் இவரு கழட்டிட்டாரு. கம்பி அடிச்சாச்சு, பலகை போட்டாச்சு, கதவு இருந்த எடத்துல திரை. உள்ள போறவங்க இருமிட்டே இருக்கணும்னு சட்டம். வீடு காசநோய் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.

கண்டக்டர் போன்ல யாரையோ வெரட்டிட்டு இருந்தா. பழைய டிப்போக்காரங்க எல்லாம் ஒரு ஹால்ல கூடறாங்களாம். "வாசல் அகலம் சொல்லுங்க சார். என் வண்டி விரிச்சு அளந்தது. விரிச்சு! எங்க அண்ணன் மாதிரி மடக்கி இல்ல."

ஏப்ரல் 9, வியாழன்

காலைலயே கெளம்பிட்டா. ஆட்டோவுக்குச் சரிவுப் பலகை இவரு செஞ்சு குடுத்தாரு. நானும் வரட்டுமான்னேன். "நீங்க எதுக்கு அண்ணி, டிப்போல உங்களுக்கு என்ன வேலை?"

வீட்டுல யாரும் இல்ல. இவரு கடைக்குப் போயிட்டாரு. சண்டை போட ஆள் இல்ல, குளிப்பாட்ட ஆள் இல்ல. வெங்காயம் உரிச்சேன். ரெண்டு தடவ சும்மா இருமினேன்.

ஆண்டவனே, நான் கேட்டது ஒரு ரூமு.

வெயில் சாஞ்சாச்சு, இன்னும் காணோம். போன் பண்ணா, எடுத்து, "ரெண்டாவது டீ அண்ணி, அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டா. திமிரப் பாரு. வரட்டும், இருக்கு அவளுக்கு.

கேட்டத் தெறந்தே வச்சிருக்கேன்.