மாமியின் விளக்கு நேரம்

மேற்கு மாம்பலம்
15-10-72

அன்பும் மரியாதையும் மிக்க உம்மாவுக்கு, ஜெய்லானியின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நானும் என் படிப்பும் நலம்.

இங்கே நாலு வீட்டில், என் பெயரைக் கேட்கும்வரை அறை காலியாகத்தான் இருந்தது. ஐந்தாவது வீட்டுக் காமாக்ஷி மாமி மாடி அறையைக் கொடுத்தார். நம் பினாங்கு மாதிரி இங்கே பள்ளிவாசல் பாங்குச் சத்தம் காதில் விழாது. முதல் நோன்பன்று மாமி தண்ணீரோடு வந்து, "விளக்கேத்திட்டேன், இனி சாப்பிடலாம்டா" என்றார். நம்பிக் குடித்துவிட்டேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்திவிட்டேன் என்று மறுநாள்தான் தெரிந்தது. மாமியிடம் சொல்லவில்லை. அந்த நோன்பைப் பெருநாள் கழித்துப் பிடித்துவிடுகிறேன்.

இப்போதெல்லாம் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் ஆகும்வரை துஆ கேட்கிறேன். "அப்படி என்னடா இவ்வளவு நேரம் வேண்டிக்கறே?" என்றார் நேற்று. "உம்மாவோட முழங்காலுக்காக" என்றேன். உடனே அவரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நம் பள்ளிவாசலின் நோன்பு நேர அட்டை ஒன்று அனுப்புங்கள். அந்த நேரம் இங்கே உதவாது, தெரியும். நீங்கள் எப்போது நோன்பு திறக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளத்தான்.

உங்கள் மகன்
ஜெய்லானி