மாடர்ன் கஃபேவுக்கு இல்லாத பக்கம்

ஹால்பெக், சஸ்காச்சவன்
9 நவம்பர் 1981

அன்புள்ள சியூ லான் அவர்களுக்கு,

ரக்னா ஹோல்ட் எழுதுகிறேன். உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வான்கூவரில் எல்லோரும் நலம் என்று அறிந்தேன். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகத்தை வாங்கி இரண்டு தடவை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் பக்கம் கண்ணில் படவில்லை, எங்கே இருக்கிறது என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கண் எதையும் தவறவிடவில்லை. அப்படி ஒரு பக்கமே இல்லை. புத்தகத்தைத் தொகுத்தவள் நான்.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். 1909இல் ரயில் வந்தது, பாதையோரம் ஒவ்வொன்றாக ஐந்து கோதுமைக் கிடங்குகள் எழும்பின, ஆலங்கட்டி மழை அடித்தது, மழையில்லாமல் ஏழு வருடம் புழுதி பறந்தது, எல்லாம் இருக்கிறது. கண்காட்சியில் பரிசு வாங்கிய ஒரு காளைக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் இந்த ஊருக்குச் சோறு போட்ட மனிதருக்கு ஒரு வரி கொடுக்கவில்லை. கடைத்தெருப் படத்தில் உங்கள் மாடர்ன் கஃபேயின் பலகை பாதி தெரிகிறது. அதன் கீழே "கோதுமை வண்டிகள், 1928" என்று எழுதியதும் நான்தான்.

புத்தகக் குழுவில் பேச்சு வராமல் இல்லை. ஊருக்கு உங்கள் அப்பா சார்லிதான். "சார்லிக்கு யாரு எழுதிக் குடுப்பா? அவங்கவங்க வீட்டு ஆளுங்கதான எழுதணும்" என்றார் ஆர்வில். வருடா வருடம் நீங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறீர்கள். உங்கள் முகவரி என் மேசையில் இருந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த குடும்பத்தின் பக்கத்துக்குப் போனேன். உங்கள் அப்பாவைப் பற்றி எழுதினால் ஒரு விஷயத்தை எழுத வேண்டிவரும். இல்லாவிட்டால் பொய் எழுத வேண்டிவரும்.

அந்த விஷயத்தை இப்போது எழுதுகிறேன்.

1947இல் கனடாவின் சட்டம் மாறியது. குடியுரிமை வாங்கினால் மனைவியையும் பிள்ளையையும் சீனாவிலிருந்து வரவழைக்கலாம் என்றானது. அந்த செப்டம்பரில் உங்கள் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு நான் வேலை பார்த்த தபால் நிலையத்துக்கு வந்தார். கையில் விண்ணப்பம். ஊரறிந்த இரண்டு பேர் அவருடைய நடத்தைக்குச் சாட்சி சொல்லிக் கையெழுத்திட வேண்டும். விவசாயி ஓசிப் பரனெட்ஸ்கி ஏற்கெனவே போட்டிருந்தார். மாதம் தவறாமல் உங்கள் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். அதனால்தான் என்னிடம் வந்தார்.

என் கணவர் ஐவர் ஹோல்டிடம் கேட்டுவிட்டுப் போடுகிறேன் என்றேன். ஐவர் அப்போது கோதுமைக் கிடங்கு ஏஜெண்டு, ஊர்ச் சபைத் தலைவரும்கூட. சாப்பாட்டு மேசையில் அவர் தலை நிமிரவே இல்லை. "ஒருத்தி வந்தா பின்னாலயே பத்துப் பேரு வருவானுங்க. உன் கையெழுத்தப் பாத்தா எவன் என் கிடங்குக்கு வண்டி விடுவான்? அடுத்த கிடங்குக்கு ஓட்டிட்டுப் போயிருவானுங்க. பேசாம இரு" என்றார். புழுதி பறந்த வருடங்களில் எங்கள் மூன்று பிள்ளைகளும் சார்லியின் அடுப்படியில் உட்கார்ந்து சூப் குடித்தவர்கள். அது என் கணவருக்கும் நினைவிருந்தது, எனக்கும் நினைவிருந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

உங்கள் அப்பாவிடம் "அறுவடை முடியட்டும்" என்று சொன்னேன். அவர் நம்பிப் போனார். நவம்பரில் வந்து, "மிஸ்ஸஸ், அறுவடை முடிஞ்சிருச்சு" என்றார், சிரித்துக்கொண்டே. விதைப்பு முடியட்டும் என்றேன். பிறகு அடுத்த அறுவடை. நான் முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் அவர் பாதிரியாரிடம் போயிருப்பார். ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும். நான் முடியாது என்று சொல்லவே இல்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தும் அனுப்பவில்லை. இரண்டரை வருடம் அது என் இழுப்பறையில் கிடந்தது.

1950 பிப்ரவரியில் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் இருந்தது உங்கள் அம்மாவின் கையெழுத்து இல்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அது பார்த்ததுமே தெரிந்தது.

பிறகு பாதிரியார் சாட்சி சொல்லிப் புது விண்ணப்பம் போய், 1952இல் அம்மா இல்லாமல் நீங்கள் மட்டும் ரயிலில் வந்து இறங்கினீர்கள். உங்களுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் சூசி என்று பெயர் வைத்தார்கள். நான் உங்களுக்குத் தபால்தலைகள் கொடுப்பேன், இந்த ஊரில் உங்களிடம் அன்பாக இருந்தவள் நான்தான் என்று வியாழக்கிழமை வந்த கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் தபால் நிலையத்தில் நின்றபடி, "காகிதம் எங்க நிக்குதுன்னு அம்மா கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க. எவனோ ஒரு அதிகாரி தூக்கிப் போட்டுட்டான் போல" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் தாளிலிருந்து ஒரு தபால்தலையைக் கிழித்து உங்கள் கையில் கொடுத்தேன். அதை அன்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

அந்தப் பழைய விண்ணப்பத்தை இத்துடன் அனுப்புகிறேன். உங்கள் அப்பா தன் கையால் எழுதியது. மா கிம் விங் என்று அவருடைய முழுப் பெயர், அம்மாவின் பெயர், "மகள், வயது ஒன்பது" என்று உங்கள் பெயர். இரண்டாம் சாட்சியின் இடம் காலியாக இருக்கிறது. இப்போதாவது போடலாமா என்று பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். அது இனி உங்கள் காகிதம்.

ஐவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவர்மேல் பழி போட்டுத் தப்பிக்க நான் நினைக்கவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. என் மூத்தவன், "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்? அப்பா பேருதான் கெடும்" என்கிறான். கெட்டால் கெடட்டும். புத்தகம் ஜனவரியில் மறுபடி அச்சுக்குப் போகிறது. வரும் திங்கட்கிழமை குழுவில் இந்தக் கடிதத்தின் நகலைப் படிக்கப்போகிறேன். அப்பாவின் பக்கத்தை நீங்கள் எழுதித் தர முடியுமா? எவ்வளவு நீளமானாலும் சரி. என் பெயரை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த பிப்ரவரிக் கடிதம் வந்த மறுநாள் காலை நான் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கஃபேவுக்கு ஓடினேன். உங்கள் அப்பா பண்ணையாட்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு, "பரவால்ல மிஸ்ஸஸ். உங்களுக்கும் ஆயிரம் வேலை" என்றார். என்னால் அதைக் குடிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. நீங்கள் என்னைத் திட்டி எழுதுங்கள், அல்லது எழுதாமலே இருங்கள். உங்கள் அப்பாவைப் போல நீங்களும் பரவாயில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

தலைகுனிவுடன்,
ரக்னா ஹோல்ட்