இடது கார்னர்

ஜன. 16, வெள்ளி

காலையில் பனி. எதிர் வீடு தெரியவில்லை. நேற்றுப் பொங்கல் பானை அடிபிடித்துவிட்டது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து விரலெல்லாம் எரிச்சல். இன்று மாட்டுப் பொங்கல். வீட்டில் மாடு இல்லை, லீவு மட்டும் உண்டு.

ஊரிலிருந்து அண்ணன் போன். நாளை காணும் பொங்கலுக்கு அங்கே கபடி. கம்மாபுரம் பக்கத்து அணி ஒன்று மூன்று வருஷமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறதாம். என் பையன் சரவணனை அனுப்பச் சொல்கிறார்.

அவன் ஏற்கெனவே அவரிடம் முடியாது என்று சொல்லியாயிற்று. அவன் ஆடும் லீக் அணியின் ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருக்கிறது, வெளி மேட்ச் ஆடக் கூடாது. அந்தப் பக்கத்தை அவனுக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னவளே நான்தான். முதல் சீசன் முழுக்க பெஞ்ச். போன சீசன் கடைசி ஏழு ஆட்டம் இடது கார்னரில் நின்றான். ரெய்டு வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதுதான் அவன் வேலை. பிடித்தால் விடமாட்டான் என்று டிவியில் சொன்னார்கள். பிப்ரவரியில் முகாம். இந்த வருஷம் முதல் ஆட்டத்திலிருந்தே இறக்குவதாகப் பேச்சு.

"நீ சொன்னாதான் கேப்பான் கலா. ஒரே ஒரு மேட்ச். லிஸ்ட்ல வேற பேரு போட்டுக்கறேன். எவனுக்குத் தெரியப் போவுது?"

சரவணன் அப்பா இறந்த பிறகு ஆறு வருஷம் பிள்ளையை பைக்கில் உட்காரவைத்து ஊர் ஊராக மேட்சுக்குக் கொண்டுபோனவர் அண்ணன். அதை அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் மறுத்திருப்பேன்.

சாயங்காலம் சரவணனிடம் சொன்னேன், மாமாவுக்காக ஒரு மேட்ச் போய்விட்டு வா என்று.

"நீயாம்மா சொல்ற?"

பை எடுத்து வைத்தான். ஷூ வைக்கவில்லை. மண் தரையில் வெறுங்கால்தான்.

ஜன. 17, சனி

மதியம் 2.10க்கு அண்ணன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

களிமண் தரை. முந்தா நாள் தூறலில் ஊறியிருந்தது. மேலே மணல் தூவி மறைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியில் ரெய்டரின் காலைப் பிடித்திருக்கிறான். உதவிக்கு வந்த மூன்று பேரும் வழுக்கி அவன் முட்டிமேல் விழுந்திருக்கிறார்கள்.

"முட்டி திரும்பிடுச்சு கலா. அப்பவும் புடிய வுடல அவன்." இதைச் சொல்லும்போது அண்ணன் குரலில் பெருமையும் இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

கார் பின்சீட்டில் காலை நீட்டியபடி வந்து சேர்ந்தான். கோப்பை நம் ஊருக்குத்தான்.

ஜன. 19, திங்கள்

காலேஜ் நூலகத்துக்கு லீவு சொன்னேன். கடலூரிலேயே ஸ்கேன். டாக்டர் சொன்னவை:

ஏ.சி.எல்., முட்டிக்குள் இருக்கும் தசைநார், முழுசாக அறுந்திருக்கிறது.
ஆபரேஷன், பிறகு ஒன்பது மாதம்.
முகாமை மறந்துவிட வேண்டும்.
கார்னரில் மறுபடி நிற்பானா? "இப்ப கேக்காதீங்க."

எப்படி அடிபட்டது என்று கேட்டார். மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்றான் சரவணன். டாக்டர் அவன் கால் நகத்தைப் பார்த்தார்.

"களிமண்ணுல படி கட்டுன வீடு எந்த ஊருல இருக்குப்பா?"

சரவணன் சிரித்துவிட்டான். நானும். இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

ஆட்டோவில் ஏற்றும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான். எவ்வளவு கனம். எண்பத்தைந்து கிலோ ஆளை நான் ஒருத்தி தாங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர்தான் தாங்கியிருக்கிறார்.

ஜன. 20, செவ்வாய்

கா. 7.20 பஸ். ஜன்னலோரம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்சீட்டில் மாணவர்கள் இருவர், போனில் ஏதோ வீடியோ. மைக் சத்தம். அண்ணன் குரல்.

"டிவியில பாத்தீங்களே, அந்த லெஃப்ட் கார்னர் சரவணன்! என் தங்கச்சி மவன்! ஊருக்காவ அவுங்கம்மாவே அனுப்பி வச்சிருக்காங்க, கை தட்டுங்கப்பா!"

"செம புடி மச்சான்."

"இரு, இப்பதான் காலு போவும் பாரு."

"திரும்பப் போடு."

மூன்று முறை போட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. சிதம்பரம் வரை கம்பியைப் பிடித்தபடி வந்தேன்.

நூலகத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு ஏன் பேரைச் சொன்னீங்க என்றேன். மைக்கைக் கையில் வாங்கியதும் எல்லாம் மறந்துவிட்டதாம். அப்புறம் அழுதார். நான் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்று திரும்பி வந்த புத்தகங்கள் நாற்பது. ஒன்றையும் சரியான அடுக்கில் வைக்கவில்லை.

ஜன. 21, புதன்

வீடியோ அணி மேலாளருக்குப் போய்விட்டது. காலையில் அவரிடமிருந்து போன். சரவணன் கூடத்தில் பேச, நான் அடுக்களையில் வெங்காயத்தோடு.

"யாரும் சொல்லல சார். நானாதான் போனேன். பரிசு பெருசுன்னு போனேன். அம்மாவுக்குத் தெரியாது."

வெளியே வந்தேன். என்னைப் பார்க்காமல் முட்டிக் கட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"உன்ன கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லிடும்மா. மாமாவ இழுக்காத. என்னோட போவட்டும்."

சரி என்றேன். ஏன் உடனே சரி என்றேன்? யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல.

பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

ஜன. 22, வியாழன்

சாப்பாட்டு நேரம். மேலாளரே என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர், மரியாதையான பேச்சு.

"மைக்ல நீங்க அனுப்பி வச்சதா கேக்குது மேடம். வீட்டுப் பெரியவங்க வற்புறுத்திப் போனான்னா நான் நிர்வாகத்துல பேசலாம். ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் வச்சிருங்கன்னு கேக்கலாம். நல்ல பையன், எனக்கும் விட மனசில்ல. பரிசுக்காக தானா போனான்னா கான்ட்ராக்ட் ரத்துதான், என் கையில ஒண்ணும் இல்ல. நாளைக்கு நான் ரிப்போர்ட் அனுப்பணும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

எதிரே இரண்டு விரிவுரையாளர்கள், தயிர்சாதம்.

"தெரியாது சார். மைக்ல ஆயிரம் சொல்லுவாங்க."

"சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

சரவணன் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன். அப்படி எழுதி அடித்துவிட்டேன். அவனுக்கு இந்த வழி இருப்பது தெரியாது. எனக்குத் தெரிந்தே சொன்னேன்.

பயம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். பயமில்லை. போன மாதம் அதே இரண்டு விரிவுரையாளர்களிடம், படிக்காத வீட்டுப் பிள்ளைகள் இப்படித்தான் ஊர் மேட்சில் காலை உடைத்துக்கொண்டு வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கின்றன என்று பேசியிருந்தேன். அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். ஒரு தயிர்சாதத்தின் முன்னால்.

வீட்டுக்கு வந்து அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜன. 23, வெள்ளி

மேகம், புழுக்கம். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

காலை முழுக்க போனை எடுப்பதும் வைப்பதும். 11 மணிக்கு ஒரு முறை மேலாளர் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிக்குமுன் நிறுத்தினேன். பிறகு புதுப் புத்தகங்களுக்கு முத்திரை. பிறகு சாப்பாடு. பிறகு ஒரு மாணவிக்கு அபராதம் தள்ளுபடி.

3.40. அடுக்குகளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தை நானே படித்துச் சொன்னது, அவன் மறுத்தது, நான் போகச் சொன்னது.

"காலையிலேயே அனுப்பிட்டேன் மேடம்."

மாற்ற முடியாதா என்றேன்.

"உங்ககிட்ட கேட்டேன், தெரியாதுன்னீங்கன்னு அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா பையனக் காப்பாத்தப் பொய் சொல்றீங்கன்னு நினைப்பாங்க."

மாலை 6.15க்கு வீடு. கட்டிலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி தொடையை இறுக்கிப் பத்து எண்ணி விட்டுக்கொண்டிருந்தான்.

"சார் உன்கிட்ட பேசினாராம்மா?"

"நேத்துப் பேசினாரு."

"நான் சொன்ன மாதிரியே சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பாடா" என்றான். முகம் தெளிந்துவிட்டது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

தோசை வார்த்தேன். நான்கு சாப்பிட்டான்.