இரண்டு புள்ளிச் சேவல்

நீர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, உம் மகன் உமது போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தான். பெரிதாக வரைந்து கடையில் மாட்ட வேண்டுமாம். முகம் முடிந்துவிட்டது; இன்று கைக்கு வந்திருக்கிறேன். காலையில் டர்பன்டைன் வாடை மூக்கில் ஏறியதுமே என் இடது கை தானாகத் துணியைத் தேடிப் போனது. நீர் இருந்திருந்தால் ஒரு அதட்டுப் போட்டிருப்பீர்.

உம்மை முதலில் பார்த்தது சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில். சாக்கை விரித்துப் பச்சை குத்திக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரில் ஊசியைக் கட்டி, சுரைக்காயில் குத்திப் பழகியவன். சுரைக்காய் கத்தாததால் எனக்கு நல்ல கைப்பக்குவம் என்று நானே நம்பியிருந்தேன். நீர் கையை நீட்டி, "சேவல் ஒண்ணு போடும்வே. சண்டைக்கு நிக்க மாதிரி இருக்கணும்" என்றீர். பேனாவால் வரைந்து காட்டியதை ரசித்தீர். மோட்டார் கிர்ரென்றது. இரண்டே குத்து. எழுந்து ஓடிய உம்மைத் தேரடியில்தான் பிடிக்க முடிந்தது.

தொழில் என்னவென்று கேட்டால் தையல் என்றீர். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற ஆள்! நான் சிரித்ததில் உமக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் துணியத்தாம்வே குத்துதேன். துணிக்கு உசுரா இருக்கு?" பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. ஊசிதான் நல்லால்ல. பேசாம எங்கடைப் பலகையில ஒரு படம் வரைஞ்சு தாரும்" என்றீர்.

அப்போது என் வீட்டுக்காரி மாசமாக இருந்தாள். திருவிழா திருவிழாவாக அலைகிறவன் பிள்ளை பிறக்கும்போது எந்த ஊரில் கிடப்பானோ என்று அவளுக்குக் கவலை. சங்கரன்கோவிலிலேயே பிழைக்க ஒரு வழி கிடைக்காதா என்று நானும் தவித்தேன். உம் பலகை நன்றாக வந்தால் பஜாரில் இன்னும் நாலு கடைக்குப் பலகை எழுதக் கிடைக்கும். கெட்டுப்போனால் மறுபடி சாக்கும் மோட்டாரும்தான்.

விடிந்தால் உம் புதுக்கடை திறப்பு. பலகை முன்னால் உட்கார்ந்தேன். பச்சை குத்துகிறவன் இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், குத்தக் குத்த வழிகிற மையைத் துடைக்கவும் வேண்டும். தையல்கடைக்கென்று நீர் கேட்ட படம், கோட்டுப் போட்ட துரை. அவனுக்கு மூக்கு வரைந்தேன், இடது கை துடைத்துவிட்டது. மறுபடி மூக்கு, மறுபடி துணி. பலகையை வேறு இழுத்து இழுத்துப் பிடித்தேன்.

"என்னவே, பலகைக்குத் தோலா சுருங்குது? மூக்க வரைஞ்சு மூக்க அழிக்கீரு. காலைல எங்கடையில மூக்கில்லாதவம்லா நிப்பான்!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இது நமக்கு ஆகாது என்று பிரஷைக் கீழே வைத்தேன். நீர் கழுத்தில் கிடந்த, அளவெடுக்கிற இஞ்சி டேப்பை உருவி, என் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக் கட்டினீர்.

"இப்ப வரையும். அது திருட்டுக் கை."

துரைக்கு மூக்கு நின்றது. கொஞ்சம் கோணல்தான். நீரோ வந்தவர்களிடமெல்லாம் "ஒத்தக் கையால வரைஞ்சது" என்று அளந்துவிட்டீர். என்னைப் பார்க்க வந்தவர்கள் எனக்கு இரண்டு கையும் இருப்பதைக் கண்டு ஏமாந்து போனார்கள். ஆனாலும் வேலை கொடுத்தார்கள். மகள் பிறந்த அன்று நான் ஊரில் இருந்தேன். அதற்கு உமக்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்த இரண்டு புள்ளி மட்டும் உம் கையில் கடைசிவரை இருந்தது. கேட்டவர்களிடம், "சேவலோட கண்ணு ரெண்டும் இதுதான். மிச்சச் சேவல் பயந்து ஓடிட்டு" என்பீர்.

போட்டோவில் நீர் முழுக்கைச் சட்டை. நான் படத்தில் சட்டைக்கையை மடித்துவிட்டுத்தான் வரைந்தேன். முதல் புள்ளியை வைத்தபோது உம் மகன் பின்னால் நின்றான். "மாமா, அங்கன பெயின்ட் சிந்திட்டு. துடைச்சிருங்க."

இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு இரண்டாவது புள்ளியை வைத்தேன். பழைய பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது: "வலிக்குதாவே?"

இந்தத் தடவை நீர் எழுந்து ஓடவில்லை. ஓடியிருக்கலாம்.