நடுவில் பருக்கும் கம்பி

ஐயோவா, மே மாதம், புதன்கிழமை

அன்பு மகள் லெனோராவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே கூரையும் அடுப்பும் நாங்கள் இருவரும் இருந்தபடியே இருக்கிறோம். நீயும் அந்த மழை ஊரில் சளி இருமல் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்பி, சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு வேளையும் உன் பெயரைச் சொல்லித்தான் ஆமென் சொல்கிறோம். அப்பாவுக்குக் கைநடுக்கம் கூடிவிட்டது, காப்பிக் கோப்பையைத் தூக்கினால் பாதி தட்டில்தான் போய்ச் சேருகிறது, வாய் மட்டும் துளிகூட நடுங்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனை எடுத்தாலே அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். உன் மேல் எனக்குக் கோபம், அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றது எழுத வரும்.

ஈஸ்டர் அன்று போனில் அப்பாவிடம் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா, "லேத்தை வித்துடுங்கப்பா, என்னைக்காவது கையை உள்ள விட்டுக்கப் போறீங்க, இங்க என் பக்கத்துலயே ஒரு ஃப்ளாட் பாத்து வச்சிருக்கேன்" என்றாய். அன்பினால் சொன்னாய், தெரியும். ஆனால் அன்று மாலையே அவர் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் இரும்பு கடைகிற அந்த லேத்தை ஒரு பழைய படுக்கை விரிப்பால் மூடிவிட்டு வந்தார், அதன்பின் இறங்கவே இல்லை. சவரம் செய்யாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் கண் முன்னாலேயே ஒரு மனுஷன் தளர்ந்துபோவதை நான் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது. ரொட்டி டப்பா அளவில் அவர் செய்துவந்த இரட்டை உருளை நீராவி எஞ்சின் உனக்குத் தெரியும், அதில் மிச்சம் இருந்தது வால்வுகளைத் தள்ளி இழுக்கும் கம்பிகள் இரண்டுதான். காலுறை பின்னுகிற ஊசியின் பருமன், ஒரு சாண் நீளம், அவ்வளவே. ஒருநாள் சூப் குடித்துக்கொண்டே சொன்னார், "இந்தக் கம்பி ரெண்டும் சரியா வந்தா செப்டம்பர் கதிரடிப்பு விழாவுல மத்தவங்க நீராவி எஞ்சினோட இதையும் ஓட்டுவேன். வராது. ரோலண்டை வரச் சொல்லிட்டேன், அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டியோட வந்து லேத்தைத் தூக்கிட்டுப் போவான். கை நடுங்குறவனுக்கு எதுக்கு லேத்து." ரோலண்ட் அவருடைய எஞ்சின் கிளப்புக்காரர், கோயிலில் நமக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பிரசங்கத்தின்போது பெப்பர்மின்ட் காகிதத்தைச் சரசரக்க வைப்பாரே, அவர்தான். நான் எழுந்துபோய் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, "நான் கடையறேன், நீங்க பக்கத்துல உக்காந்து குறை சொல்லுங்க, அதுதான் உங்களுக்கு நல்லா வருமே" என்றேன். தையலும் வரவு செலவும் யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இதுவும் வந்துவிட்டுப் போகிறது என்று நினைத்தேன். எனக்கு இருந்த திமிரைப் பார்.

லெனோரா, அந்தக் கம்பி என்னை அழ வைத்துவிட்டது. நீ கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாயே பளபளவென்று, முனையில் கார்பைடு என்கிற கெட்டித் துண்டு வைத்த வெட்டு டூல்கள், முதலில் அவற்றைத்தான் மாட்டினேன். உங்கள் விமானத் தொழிற்சாலையில் வீடு உயரம் நிற்கும் மெஷின்களுக்கு அவை சரியாக இருக்கும், நம் வீட்டு லேத் என் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்த உருண்டை முனை கம்பியை வெட்டுவதற்குப் பதிலாகத் தள்ளிவிடுகிறது, கம்பி முதுகை வளைத்துக்கொண்டு நழுவி, ஈரத் தட்டில் முள்கரண்டி உரசுவதுபோல் கிறீச்சிடுகிறது. எடுத்துப் பார்த்தால் இரண்டு முனையும் சரி, நடுவில் மட்டும் பிள்ளைத்தாச்சி வயிறு மாதிரி பருத்திருக்கும். உன் அப்பா உடனே, "பின்பக்கக் கூர்முனையை இன்னும் இறுக்கு" என்றார், கம்பியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கிற அதை இறுக்கினேன், கம்பி சூடேறி நீள இடமில்லாமல் வில்லாக வளைந்தது. "நீ பயந்து பயந்து தொடுற, அதான் அதுவும் பயந்து நடுங்குது" என்றார். "நடுங்குறதைப் பத்தி நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். அன்று இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு தின்றோம்.

எனக்கு எதிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் பழக்கம், உனக்குத் தெரியுமே, வெண்ணெயைக்கூட நான் சீவித்தான் வைப்பேன். கம்பியிலும் அப்படியே தலைமுடி அளவுக்குச் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், ஒவ்வொரு சுரண்டலுக்கும் கம்பி இன்னும் மெலிந்து இன்னும் வளைந்து கொடுத்தது. அவரும் அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுப்பாராம், நடுவில் பருத்தால் ஓடுகிற கம்பியின் மேல் அரத்தை வைத்து விரல் உணர்விலேயே தேய்த்துச் சமன் செய்துவிடுவாராம். அந்த விரல்தான் இப்போது இல்லையே, எனக்கு அது வரவும் வராது, நான் அரம் போட்ட கம்பி நாய் கடித்த பென்சில் போல ஆயிற்று. பாழான கம்பிகளை வீட்டுக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் கடைசியில் மருந்துச் செலவில் எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காகக் கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தேன். மெல்லிசான நீளக் கேரட், அடியைப் பிடித்துக்கொண்டு நுனியில் கத்தி வைத்தால் ஆடிக்கொண்டே இருந்தது, கையை நகர்த்திக் கத்திக்குப் பக்கத்திலேயே பிடித்தேன், ஒரே இழுப்பில் வந்தது. சட்டென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கம்பியை முழு நீளத்துக்கும் வெளியே நீட்டி வைத்துக்கொண்டு ஏன் கடைய வேண்டும். தடித்த கம்பியாகவே எடுத்து, கம்பியைக் கவ்விச் சுழற்றும் சக்கின் வாயிலிருந்து ஒரு விரல்கணு அளவு மட்டும் வெளியே விட்டு, அந்த இடத்தில் ஒரே வெட்டில் வேண்டிய மெலிவுக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு இன்னொரு கணு இழுத்துவிட்டு அதே அளவில் தொடர்ந்தால் கம்பிக்கு வளைய ஏது இடம். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர், "ஒரே வெட்டா? பிச்சுக்கிட்டுப் போயிடும்" என்றார். பிறகு, "பழைய ஸ்டீல் டூலை ஊசி மாதிரி சாணை பிடிச்சா போகாது" என்றார்.

மறுநாள் கர்த்தருடைய நாள், வேலை எதையும் தொடக்கூடாது. பிரசங்கம் முழுக்க என் மனம் கீழ்த்தளத்திலேயே இருந்தது, தேவன் மன்னிக்கட்டும், போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, அவர் புத்தி தெரியும்தானே, "கீழ்த்தளத்துக்கு ஜன்னலே இல்லையே அலீடா, ஒரே ஒரு கம்பிதானே, யாரு பாக்கப் போறா" என்றார். "பாக்குறவருக்கு ஜன்னல் வேண்டாம்" என்றேன். ஆனால் உன்னிடம் மறைப்பானேன், அவர் கேட்ட விதத்தில் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, இத்தனை நாளுக்குப் பிறகு அந்த மனுஷன் ஏதோ ஒன்றுக்கு அவசரப்பட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் இறங்கிவிட்டோம். திங்கள்தான் துணி துவைக்கும் நாள், நம் தெருவில் எல்லாக் கொடியிலும் துணி ஆட, என் கொடி மட்டும் காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி வந்து எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள். டூலை நான் சாணை பிடிக்க, அவர் தன் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து, வழுக்குது, வழுக்குது என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், கடைசியில் அது நகத்தைக் கவ்வியது. வெட்டு ஆழத்துக்கு டயலை வைத்தேன், இனி அதைத் தொடக்கூடாது என்று என் கையை நானே திட்டிக்கொண்டேன். ஆழமாக வெட்டப் பயமாகத்தான் இருந்தது, கண்ணை மூடாமல் ஜெபித்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன். கிறீச்சிடவில்லை. நீளமாக ஒரு சுருள் வெளியே வந்தது. இழுத்து விட்டேன், வெட்டினேன், இழுத்து விட்டேன். முடிந்ததும் அவர் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தார், கை ஆடியதில் அளவே படிக்க முடியவில்லை, என்னிடமும் கொடுக்க மாட்டேன் என்றார். ஒரு கண்ணாடிப் பலகையை மேசையில் சாய்த்து வைக்கச் சொன்னார், முட்டுக்கொடுக்க ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்தார், பிடுங்கி வைத்துவிட்டு விதைக் கேட்டலாக்கைக் கொடுத்தேன். கம்பியை மேலிருந்து உருட்டிவிட்டுக் காதைக் கண்ணாடியோடு வைத்துக்கொண்டார். வளைந்த கம்பி தட்டித்தட்டி இறங்கும், இது ஒரே சீராக இறங்கியது. மறுபடி உருட்டச் சொன்னார், மறுபடியும். பிறகு மாடிக்குப் போனார், சவரம் செய்யும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை ரோலண்ட் கயிறும் பலகையுமாகப் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். உன் அப்பா வாசலிலேயே, "என்கிட்ட கேக்காத, மெஷின் இப்ப அவளோடது, நான் கூலி இல்லாம நகத்தைக் குடுக்குற ஆளு" என்றார். ரோலண்ட் சிரித்துக்கொண்டே, "அப்போ அண்ணி, நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்றார். நான் சுட்ட ருபார்ப் பை பலகாரத்தில் ஒரு துண்டும் காப்பியும் கொடுத்து வெறும் வண்டியோடு அனுப்பினேன். இத்தனை வருஷம் அந்த அறையில் குப்பையைப் பெருக்க மட்டும் விட்ட மனுஷன், ஒரு வார அழுக்குத்துணி குவிந்து கிடக்கும்போது பார்த்து மெஷினைத் தூக்கி என் தலையில் கட்டியிருக்கிறார். அது இரட்டை உருளை எஞ்சின் ஆயிற்றே, இன்னொரு கம்பி பாக்கி. இன்று காலை ஒன்றை முக்கால்வாசி முடித்து, கடைசி இழுப்பில் பழக்க தோஷத்தில் கொஞ்சமாகச் சுரண்டப் போய்க் கெடுத்துவிட்டேன். அவர் வேறு, "ஓனரம்மா, வெண்ணெய் சீவுறீங்களா" என்கிறார். எரிச்சலில்தான் மேலே வந்து இதை எழுதுகிறேன்.

நல்ல ஸ்டீல் டூல் துண்டு இரண்டு வாங்கி அனுப்பு, இனிமேல் கார்பைடு எதுவும் அனுப்பாதே. ஈரக் காலணியோடு வேலைக்குப் போகாதே, காலைச் சாப்பாட்டை விடாதே, அங்கே ஒரு நல்ல சபையைத் தேடிப் போ. போனில் பேசும்போது அப்பாவிடம் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே, கம்பி எப்படி இருக்கிறது என்று கேள். உன்னைக் காக்கிறவர் உறங்காமல் காப்பாராக, உன் போக்கையும் வரவையும் ஆசீர்வதிப்பாராக. மறக்காமல் ஒன்று, அந்த ஃப்ளாட்காரரிடம் தரை எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டு எழுது, லேத்தை இறக்க முடியாத வீட்டுக்கு நாங்கள் வருவதாக இல்லை.

உன் அம்மா,
அலீடா