ரொவெனா போட்டுப் பார்த்த கவுன்

நவம்பர் 4, திங்கள்
என் தையல் கடைக்கு எதிர் சலூனில் வேலை செய்யும் ரொவெனா வந்தாள். பிலிப்பைன்ஸ்காரி. டிசம்பரில் அவளுக்குக் கல்யாணம். கவுன் தைத்தாகிவிட்டது, தோள் மட்டும்தான் சந்தேகம். போட்டுப் பார் என்றால் மாட்டேன் என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் கவுனைப் போட்டுப் பார்த்தால் கல்யாணம் நடக்காதாம், மாப்பிள்ளைக்கே ஆகாதாம்.

"நீங்க போட்டுக் காட்டுங்க, ஆத்தே." ஆத்தே என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. என் உடம்புக்கு அந்தக் கவுன் இரண்டு வேண்டும். சிரித்துவிட்டேன்.

"ஒரு நிமிஷந்தானே, போடு" என்றேன், எங்கள் இருவரின் ஓட்டை இந்தியில்.

கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். கண்ணாடி பக்கம் திரும்பவே இல்லை. தோள் சரியாக இருந்தது.

நவம்பர் 9, சனி
ரொவெனாவின் மாப்பிள்ளை டான்டே இறந்துவிட்டான். ஹைவேயில் கம்பெனி வேன் கவிழ்ந்ததாம். சலூன் முதலாளி அஸ்கர் அலி வந்து சொன்னார். "அந்தக் கவுன உள்ள வச்சிருங்க ஹஃபீஸா. புள்ள கண்ணுல பட வேணாம்."

வைத்தேன். பிறகு நான்கு அபாயா அங்கிகளுக்கு ஓரம் அடித்தேன்.

நவம்பர் 10
ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்
துணிக்கு என்ன தெரியும்? வேன் ஓட்டுனவன் தூங்கிட்டான் — அவ்வளவுதான். அப்போ நான் ஏன் இன்னும் அவ ரூமுக்குப் போவல?

நவம்பர் 15, வெள்ளி
போனேன். இறந்தவனுக்கு ஒன்பது நாள் ஜெபம் நடக்கிறது. குதைபியா ஏரியாவில் அவள் தங்கும் ஒரே அறையில் ஆறு பெண்கள். ஜெபம் முடிந்ததும் ரொவெனா தன் தீவின் பாட்டு ஒன்றைப் பாடினாள். அவள் கூட இருக்கும் மெர்சி எனக்கு அர்த்தம் சொன்னாள். கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. காத்திருப்பவள் அவனைத் திட்டுகிறாள், சோம்பேறி, பொய்யன் என்று. அழுகைப் பாட்டென்று நினைத்தேன். முழுக்கத் திட்டுதான்.

வாசலில் ரொவெனாவிடம் கேட்டேன், "நாந்தானே போடச் சொன்னேன். எம்மேல கோவமா?"

"நீங்க சொல்லித்தான் போட்டேன்" என்றாள்.

நவம்பர் 16
கடை. வீடு.

நவம்பர் 19, செவ்வாய்
இன்று மாலை விமானத்தில் உடலை ஊருக்கு அனுப்புகிறார்கள். மார்ச்சுவரிக்கு நானும் போனேன். பெட்டிமேல் கண்ணீர் விழக் கூடாதென்று மெர்சி ரொவெனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ரொவெனா அழவில்லை.

வெளியே வந்ததும் எல்லாரும் டீக்கடைக்கு நடந்தார்கள். செத்தவரைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகக் கூடாதாம். நடுவில் எங்காவது நின்று போனால், கூட வரும் ஆவிக்கு வழி தப்பிவிடுமாம்.

ரொவெனா போகவில்லை. என் கையைப் பிடித்தாள். "டாக்ஸி கூப்பிடுங்க ஆத்தே. நேரா ரூமுக்கு."

மெர்சி ஓடி வந்தாள். "பைத்தியமா உனக்கு? அவன் பின்னாலேயே வந்துருவான்!"

"வரட்டும்."

இந்த முறை அவள் சொன்னபடியே டாக்ஸி கூப்பிட்டேன். வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை. ரொவெனா அறைக் கதவைத் திறந்து, மூடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

நான் சுவரோடு ஒட்டி அவனுக்கு வழிவிட்டேன்.