ஒன்றரைக் கிலோ

2010 ஜனவரி 18, திங்கள்

உன்னிச்சைக் குளக்கட்டு வரை ஓடித் திரும்பினேன். 9 கி.மீ., 47 நிமிடம். எதிர்க்காற்று. எடை 66.1. பெப்ரவரி 12 காலை கொழும்பில் நிறுப்பார்கள். 61.2க்கு மேல் இருக்கக் கூடாது.

முன்பு கொழும்பில் ஏ.சி. பூட்டும் வேலையில் திரிந்த நாட்களில் மேடையில் இரண்டு சண்டை பிடித்தேன். அப்போது யாரும் எடை பார்க்கவில்லை. ஆளைப் பார்த்து ஆளைப் போட்டார்கள். இது முதல் சம்பளச் சண்டை. எடை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மலேசியாக்காரர் ஒருவர் பார்க்க வருகிறாராம். 61 கிலோவில் பிடித்துப்போகிறவனுக்கு அங்கே மூன்று சண்டை. எனக்கு வயது 24. இதை விட்டால் எப்போது?

எடை பார்ப்பது இளையதம்பி மாமாவின் நெல் மில் தராசில். மாமா அம்மாவின் அண்ணன். 2004இல் ஆரையம்பதியில் வீட்டையும் அப்பாவையும் கடல் கொண்டுபோன பிறகு அம்மாவையும் என்னையும் இங்கே கூட்டிவந்து வைத்திருக்கிறார். மில் இயந்திரங்களை நான் பார்க்கிறேன். அவர் எனக்கு நாளுக்கு எட்டு முட்டை போடுகிறார். குத்து, உதை, பிடித்து விழுத்துதல், கழுத்தை நெரித்தல் எல்லாம் சேர்ந்த சண்டை இது என்று எத்தனை தரம் விளக்கினாலும் அவருக்கு இது ‘கராட்டி’தான்.

பெப்ரவரி 2

64.0. மாலையில் ஹோரேஸின் கொட்டிலில் பயிற்சி. ஹோரேஸ் டவுனில் இருக்கும், போர்த்துக்கேய வழி வந்த பறங்கிப் பையன், என் வயது, மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். பழைய மெத்தைகளைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். தாடையில் ஒன்று விட்டான்.

“மென், நீ குத்துற மாதிரி இல்ல. கொசு விரட்டுறாய்.”

சாப்பிடாதவனுக்குப் பகிடி பிடிப்பதில்லை. கழுத்தைப் பிடித்து, தோல்வி என்று மெத்தையைத் தட்ட வைத்தேன்.

பெப்ரவரி 11, வியாழன்

பின்னேரம் மில்லில் 61.4. இனி தண்ணீர் கிடையாது. இரவு பஸ்ஸில் அறுநூறு கிராமாவது போகும். காலையில் 60.8. கணக்குச் சரி.

வெலிக்கந்தைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். வியர்வைக்குப் போடும் பிளாஸ்டிக் உடுப்பை ஆமிக்காரன் ஒருவன் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். சண்டைக்காரன் என்று விளக்கியதும் சிரித்துவிட்டுத் தன் கையை மடக்கித் தசையைக் காட்டினான். யுத்தம் முடிந்து ஒன்பது மாதம். பகிடி விடுகிறார்கள், ஆனாலும் இறக்குகிறார்கள்.

பெப்ரவரி 12

62.3.

நம்பவில்லை. உங்கள் தராசு பிழை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அங்கிருந்த இருபது கிலோ இரும்புத் தட்டு இரண்டைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். 40.0. என் எதிராளி ஏறினான், 61.1. ஒரு மணித்தியாலம் தந்தார்கள். பிளாஸ்டிக் உடுப்போடு படியில் ஏறி இறங்கினேன். 61.8. பிறகு உடம்பில் வியர்வையே வரவில்லை.

எதிராளி மாட்டேன் என்றுவிட்டான். அவன் பக்கம் நியாயம். ஏற்பாட்டாளர் நல்ல மனிதர். “மார்ச் 27இல் இன்னொரு தரம் தாறன். அதோட சரி” என்றார்.

கூட வந்த ஹோரேஸ் எழும்பிக் கடைக்குப் போனான். மூன்று பார்சல் சோறு வாங்கி வந்து என் மடியில் வைத்தான்.

பெப்ரவரி 14, ஞாயிறு

ஞாயிறில் மில் பூட்டியிருக்கும். கதவுத் திறப்பு என்னிடம் இருக்கிறது.

முன்வீதிக் கடையிலிருந்து பிரிக்காத ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை ஒன்றைத் தோளில் கொண்டுவந்து தராசில் வைத்தேன். ஐம்பது கிலோவுக்கான படிக்கல்லைத் தராசுக் கோலில் தொங்கவிட்டேன். கோல் எழும்பவில்லை. சீமெந்தின் மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்தேன். எழும்பி நேரே நின்றது.

கல்லைக் கழற்றித் திருப்பினேன். அடியில் ஒரு துளை. ஈயம் ஊற்றி அடைத்து, மேலே கறுப்புப் பெயின்ட். கல் கூடினால் தராசு குறைத்துச் சொல்லும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒன்றரைக் கிலோ.

60.8, 62.3. வித்தியாசம் ஒன்றரை.

இந்த மில்லில் நான் பிரித்துப் பூட்டாத சாமான் தராசு ஒன்றுதான். ஏன் தொடவில்லை? மாமாதான் நிறுப்பார். அவருடைய கையிலிருப்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. இயந்திரம் திருத்தப் படித்தது இதற்கா?

பெப்ரவரி 15

கேட்டேன். மாமா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“அது ஈரத்துக்கு மனே. எல்லாரும் பச்ச நெல்லத்தானே கொண்டாறானுகள்.”

“ஈரத்துக்கு வேற ரெண்டு கிலோ கழிக்கிறீங்களே?”

“எந்த மில்லில இது இல்லாம இரிக்கி? ஒண்டக் காட்டு பாப்பம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீ திண்ட முட்டையெல்லாம் எதுக்குள்ளால வந்த எண்டு நினைச்சாய்?”

மாமா கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“மார்ச்சில நீ போயித்து வெண்டுவா. மலேசியா சரிவந்தா எல்லாம் நான் பாக்கிறன். அது முடிய மறுகா கல்ல மாத்துறன். ஒரு போக வேளாண்மதானே. பொறு.”

சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 18

எட்டு முட்டை. தின்றேன்.

பெப்ரவரி 23

அறுவடை உச்சம். இன்று மட்டும் 112 மூட்டை. 168 கிலோ. மனதுக்குள் பெருக்குவதை நிறுத்த முடியவில்லை.

யாரும் ஏன் கேட்பதில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். முதல் மூட்டை ஏறும்போது மாமா ‘ஒன்று’ என்று சொல்வதில்லை, ‘லாபம்’ என்கிறார். அதிலிருந்து கடைசி மூட்டை இறங்கும்வரை நெல்லுக்காரர் வாய் திறப்பதில்லை. திறந்தால் பொலி, நெல்லின் பெருக்கம், போய்விடுமாம். மாமாவின் குரல் மட்டும்தான். ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஹோரேஸிடம் சொன்னேன். “மார்ச் முடியட்டும் மச்சான்” என்றான். பிறகு, “அப்பிடிச் சொல்லுறதுக்கு எனக்கே ஒரு மாதிரியாக் கிடக்கு” என்றான்.

பெப்ரவரி 27, சனி

சீதேவிப்பிள்ளை வந்தா. புருஷன் இல்லை. 2007இல் இடம்பெயர்ந்து முகாமில் கிடந்து வந்தவ. குளத்துக்குக் கீழே வயல் வட்டையில் ஒரு ஏக்கர். திரும்பி வந்த பிறகு விளைந்த முதல் நல்ல வேளாண்மை இதுதான். டிரெக்டரில் 24 மூட்டை. ஏற்றுவதற்கு மாமா என்னைக் கூப்பிட்டார்.

முதல் மூட்டையைத் தூக்கி வைத்தேன். “லாபம்” என்றார் மாமா. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதைத் தோளில் ஏற்றினேன், தராசில் வைக்கவில்லை. கீழே போட்டேன்.

“இந்தத் தராசு பிழை” என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். வரிசையில் நின்ற எட்டுப் பத்துப் பேரும் திரும்பினார்கள். சீதேவிப்பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. “நெல்லு ஏறக்க என்ன கத மனே இது!” என்று என் வாயைப் பொத்த வந்தா.

முன்கடைக்கு ஓடிச் சீமெந்து மூட்டையைக் கொண்டுவந்தேன். சீமெந்து ஐம்பது என்பது யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோல் எழும்பவில்லை. போத்தலை வைத்தேன். எழும்பியது. போத்தலைச் சீதேவிப்பிள்ளையின் கையில் கொடுத்தேன். “ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு.”

யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மாமா கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். ஒருவர் தன் மூட்டைகளைத் திரும்ப டிரெக்டரில் ஏற்றத் தொடங்கினார். மற்றவர்களும்.

சீதேவிப்பிள்ளை மட்டும் போத்தலோடு நின்றா.

“உனக்கு எப்ப தெரியும்?”

“பதின்மூண்டு நாளைக்கு முன்ன.”

“பதின்மூண்டு நாளா?”

அவ்வளவுதான் கேட்டா. போத்தலைத் தராசின் மேல் வைத்துவிட்டுப் போனா. இதுவரை வாங்கிய அடிகளில் எதையும் இந்த மாதிரி நின்று வாங்கியதில்லை.

பெப்ரவரி 28

அம்மா என் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்திருந்தா.

“மாமா போகச் சொன்னாரா?”

“அவர் ஒண்டும் சொல்லல்ல. சாப்பிடவுமில்ல. நான்தான் சொல்லுறன். நீ கொஞ்ச நாளைக்கு இஞ்ச இரியாத.”

“நீங்களும் வாங்க.”

“நான் அவர்ட தங்கச்சிடா. கடல் எடுத்த பிறகு மூணு நாளா ஒவ்வொரு ஆசுபத்திரியாத் தேடி என்னக் கண்டுபிடிச்சவர் அவர். நீ செய்தது பிழையில்ல. ஆனா நான் வரமாட்டன்.”

ஹோரேஸின் கொட்டில். மெத்தை இருக்கிறது. படுத்துவிட்டேன்.

மார்ச் 12

இப்போது எடை பார்ப்பது தாய் சேய் கிளினிக் தராசில். மருத்துவமாது கேட்டா: “தம்பிக்கு எத்தினையாம் மாசம்?” வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். 64.9. பகலில் கொட்டிலில் வெல்டிங், பின்னேரம் பயிற்சி. முட்டை இரண்டு.

மார்ச் 24

63.1. இதற்குக் கீழே போக உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. படியேறக் கைப்பிடி தேவைப்படுகிறது. மில் தராசு 61.6 என்றிருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

மார்ச் 28, ஞாயிறு

வெள்ளிக்கிழமை 61.2. சரியாக. தராசிலிருந்து இறங்கும்போது ஹோரேஸ் தாங்கிப் பிடித்தான்.

நேற்றுத் தோற்றேன். முதல் சுற்று என்னுடையது. இரண்டு தரம் விழுத்தினேன். இரண்டாவதில் கால் ஓய்ந்துவிட்டது. மூன்றாவதில் கையைத் தூக்க நினைக்கிறேன், கை வரவில்லை. எதிராளி அடித்தது எல்லாம் தெரிந்தது, தடுக்கத்தான் முடியவில்லை. மூன்று நடுவர்களும் அவனுக்கே கொடுத்தார்கள். மலேசியாக்காரர் அவனோடு நின்று படம் எடுத்தார்.

பஸ்ஸில் ஹோரேஸ் சொன்னான்: “மச்சான், நீ அறுபத்தொரு கிலோ ஆளே இல்ல. அந்தக் கல்லு நெல்லுக்காரர மட்டுமா ஏச்சது?”

கோபம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. பொய்த் தராசைப் பார்த்துத்தான் என் எடைப் பிரிவைத் தெரிவு செய்தேன்.

ஏப்ரல் 7

ஏற்பாட்டாளருக்குப் போன் எடுத்தேன். 65.8 பிரிவில் போடுங்கள் என்றேன். “அங்க நீ புது ஆள். முதல் சண்டைதான் தரலாம், ஆக்கள் வந்து இருக்க முன்னமே முடிஞ்சுடும். மலேசியா கதையெல்லாம் இல்ல.”

ஓம் என்றேன்.

ஏப்ரல் 20

சந்தையில் சீதேவிப்பிள்ளையைக் கண்டேன். முகத்தைத் திருப்புவா என்று நினைத்தேன். திருப்பவில்லை. மாமா கல்லை மாற்றிவிட்டாராம். அளவை நிறுவை அதிகாரி வந்து கல்லில் முத்திரை குத்திவிட்டுப் போனாராம். “இப்ப சரியா நிறுக்கார். ஆனா ஆருட முகத்தையும் பாக்காரில்ல” என்றா. பாதிப் பேர் இன்னும் நெல் வாங்க வரும் லொறிக்காரனுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

“நீங்க?”

“ரெண்டு மூட்ட அவருக்கிட்டக் குடுத்தன். கண்ணால பாத்துக் குடுத்தன்.” ஒரு கத்தரிக்காய்ப் பையை என் கையில் திணித்தா. “வத்திப்போனாய். தின்.”

மே 23, ஞாயிறு

65.6. பட்டினி கிடக்காமல், மூன்று நேரமும் சாப்பிட்டு.

நேற்று நடந்த சண்டைகளில் என்னுடையதுதான் முதல். பாதிக் கதிரை வெறுமை. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், முதல் சுற்றில் மூக்கை உடைத்தான். இரண்டாம் சுற்று, 1:48. பின்னால் போய்க் கழுத்தைப் பிடித்தேன், தட்டினான். ஹோரேஸ் தனியாளாக ஒரு கூட்டம் அளவுக்குக் கத்தினான். ஆகஸ்டில் இன்னொன்று தருகிறார்களாம், அதுவும் முதல் சண்டைதான்.

காலையில் அம்மாவின் போனுக்கு எடுத்தேன்.

“ஆர்?” மாமாவின் குரல். மூன்று மாதத்துக்குப் பிறகு.

“நான்தான் மாமா.”

பின்னால் மில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் இடைக்கிடை ஒரு கிறீச்.

“பெல்ட் வழுக்குது” என்றேன். “இறுக்கோணும். இல்லாட்டி அறுந்திரும்.”

மறுபடி கிறீச்.

“இஞ்ச ஆளில்ல” என்றார். பிறகு, “அம்மாட்டக் குடுக்கன்.”

அம்மாவிடம் வென்றதைச் சொன்னேன். மூக்கைச் சொல்லவில்லை.

நாளைக் காலை உன்னிச்சை பஸ்ஸில் மில்லுக்கு. பெல்ட்டை இறுக்க அரை மணித்தியாலம் போதும். சாப்பிடச் சொல்வார்களா தெரியாது. வழியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.